சாலை முழுக்கத் தெரியும் இடம்

பெட்ரோல் பங்க் திருப்பத்தில் வெளிர்நீல ஸ்கூட்டர் ஒன்று தலைகாட்டியதுமே, வருவது ஹேமாவதி மேடம்தான் என்று தணிகாசலத்துக்குத் தெரிந்துவிட்டது. முன்னே பின்னே பார்த்த முகமில்லை, போனில் கேட்ட குரல் மட்டும்தான். ஆனால் உள்ளூர்க்காரர்கள் யாரும் அந்தத் திருப்பத்தில் வேகத்தைக் குறைப்பதில்லை, இந்த ஸ்கூட்டர் குறைத்தது. உள்ளூர்க்காரர்கள் கடைப் பலகைகளைப் படிப்பதில்லை, இந்த ஸ்கூட்டரில் இருந்த தலை ஒவ்வொரு பலகைக்கும் திரும்பியது. தோளில் குறுக்காக மாட்டிய பை, காகிதம் நிறைந்த பைக்கு உரிய தொங்கல். ஹெல்மெட்டைத் தாடைக்குக் கீழே கிளிப் போட்டு மாட்டியிருந்தார், ஆகவே அரசாங்கச் சம்பளம். இத்தனையையும் அவன் தன் வாட்டர் வாஷ் கடைக்குள் ஸ்டூலில் உட்கார்ந்தபடி, தலையைக்கூட அசைக்காமல் பார்த்து முடித்தான். பட்டாளத்தில் அவனுக்குச் சோறு போட்டதே இந்த வேலைதான். எங்கோ ஒரு மேட்டில் உட்கார்ந்து, எதிர் மேட்டில் நகர்கிற புள்ளி ஆடா ஆளா என்று சொல்ல வேண்டும், ஆள் என்றால் கையில் இருப்பது கைத்தடியா வேறு எதுவுமா என்று சொல்ல வேண்டும். ஹவில்தார் தணிகாசலம் சொன்னால் சுபேதார் மறுபடி கேட்கமாட்டார். இப்போது அந்தக் கண்ணுக்கு வேலை வைக்க இந்தக் குடியாத்தம் ரோடுதான் இருக்கிறது. பட்டாளத்தை விட்டு வந்தவர்கள் சொந்தமாகத் தொழில் வைத்தால் அரசாங்கம் கைகொடுக்கிறது, பேங்க் கடனில் ஒரு பங்கை அதுவே தாங்கிக்கொள்கிறது. கடை என்று ஒன்று நிஜமாக நடக்கிறதா என்று ஒருவர் நேரில் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இன்றைக்கு மேடம் பார்த்து எழுதினால் தணிகாசலம் ஒரு முதலாளி. எழுதாவிட்டால் வேலூரில் மச்சான் பார்த்து வைத்திருக்கிற நகைக்கடை வாசலில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சலாம் வைத்துக் கதவு திறந்துவிட வேண்டியதுதான். மச்சான் நல்ல மனுஷன்தான். "நீ நின்னாலே போதும் மாமா, உன் மீசைக்கே சம்பளம் தருவாங்க" என்று வேறு சொல்லியிருக்கிறான். அந்தப் பேச்சை நினைத்தால் மீசையை மழித்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

ஸ்கூட்டர் வந்தது. கடைக்கு நேராக வந்தது. கடந்து போய்விட்டது. தணிகாசலம் எழுந்திருக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை, என்ன ஒரு யோசனையில் போகிறார் என்று தெரிந்துகொள்ளத்தான் ஆசையாக இருந்தது. இன்ஸ்பெக்‌ஷன் என்றால் அப்படித்தான், நேரே வருவதாகப் போக்குக் காட்டிவிட்டு வேறெங்கோ போவார்கள். பாரக்கைக் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருப்போம், வருகிற கர்னல் அதைத் திரும்பியும் பார்க்காமல் லங்கர் என்கிற சமையல்கூடத்துக்குப் பின்னால் சாக்கடை எப்படி இருக்கிறது என்று போய்க் குனிந்துகொண்டிருப்பார். மேடமும் முதலில் சுற்றுவட்டாரம் பார்க்கிறாரோ என்னவோ. போட்டிக் கடைகள் உண்டா, தண்ணீர் வசதி எப்படி, கழுவிய தண்ணீர் எங்கே ஓடுகிறது, இதெல்லாம் பார்க்கத்தான் செய்வார்கள். பார்க்கட்டும். ராம்ப் கழுவியாயிற்று, கம்ப்ரஸர் துடைத்தாயிற்று, நுரை அடிக்கிற உருளை பளபளக்கிறது, துடைக்கிற துணிகள் நாலு மூலையும் நேராக மடித்து அடுக்கியிருக்கிறது, இதைவிட இன்ஸ்பெக்‌ஷனுக்குத் தயாரான ஒரு வாட்டர் வாஷ் இந்த மாவட்டத்தில் இருக்காது. ஒன்றே ஒன்றுதான் இல்லை, வண்டி. அது எப்படி என்பதுதான் அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. கடை திறந்த நாளிலிருந்து ரோட்டில் வண்டி போய்க்கொண்டேதான் இருக்கிறது. சேறு அப்பிய வண்டி, பறவை எச்சம் காய்ந்த வண்டி, சக்கரக் கம்பி எது மண் எது என்று தெரியாத வண்டி. ஒவ்வொன்றையும் தூரத்திலேயே பார்த்து, இதோ இவன் நிறுத்துவான், இந்த நிலையில் பொண்டாட்டி வீட்டுக்கு எப்படிப் போவான் என்று நினைத்துக்கொண்டு எழுந்து நிற்பான். அவன் பாட்டுக்குப் போய்விடுவான். அழுக்கு இவர்களுக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் பரவாயில்லையா, அழுக்கோடு போவதில் ஏதாவது சந்தோஷம் உண்டா? பகையாளி என்ன நினைப்பான் என்று யோசிக்கக் கற்றுக் கொடுத்திருந்தார்கள், இந்த வாடிக்கையாளர் என்கிற ஆள் என்ன நினைப்பார் என்று யோசிக்கத்தான் வழி தெரியவில்லை. இதுவரை வந்தது ஒரு பால்காரர், அவருக்கு அவன் மனைவி அமுதவல்லி வீட்டில் வைத்து வழி சொல்லி அனுப்பினாள். அப்புறம் அமுதவல்லியின் சித்தப்பா பையன், அவனிடம் காசு வாங்க முடியவில்லை.

வாடிக்கையாளரைப் பற்றி வேலூர்ப் பயிற்சியில் சொல்லித்தான் கொடுத்தார்கள். முன்னாள் படைவீரர்களுக்கென்றே நடத்திய தொழில் பயிற்சி அது. டை கட்டிய ஒரு வாத்தியார், சின்ன வயசு, உள்ளே நுழைந்ததும் ஹால் முழுக்க நாற்காலிகள் ஒரே சத்தத்தில் பின்னால் போக, அத்தனை பேரும் விறைப்பாக எழுந்து நின்றதில் பாவம் பயந்துபோனார். உட்காருங்க என்றார். அவர் உட்காராமல் நாங்கள் எப்படி உட்காருவது. அவருக்கு அது புரிந்து அவர் உட்கார்ந்து நாங்கள் உட்கார்ந்து, பாடம் நடத்த அவர் எழுந்ததும் மறுபடி எழுந்து, ஒரு காலைப்பொழுது இப்படியே போயிற்று. கூச்சம் போக வேண்டும், வருகிறவரை வாய் நிறையக் கூப்பிட வேண்டும், எங்கே எல்லாரும் 'வாங்க வாங்க' சொல்லிப் பழகுங்கள் என்றார். சொன்னார்கள். ஒரே குரலில், அடிவயிற்றிலிருந்து. தகரக் கூரையில் இருந்த புறாவெல்லாம் எழுந்து பறந்தது, கீழே வாட்ச்மேன் என்ன ஆயிற்றோ என்று மாடியேறி ஓடி வந்தார். தணிகாசலத்துக்கு இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஆனால் ஒன்று, அந்தக் கூட்டத்தில் சேர்ந்து சொல்லும்போது வந்த குரல் தனியாக வரவில்லை. கடை திறந்த அன்று கழுத்து வரைக்கும் வந்தது. ரோட்டில் போகிற ஒருத்தனை, எனக்கு யாரென்றே தெரியாத ஒருத்தனை, நான் இங்கே இருக்கிறேன் என்று சத்தம் போட்டுக் கூப்பிடுவதா? அது அவனுக்கு வெட்கமாக இருந்தது என்று அமுதவல்லி நினைத்துக்கொண்டாள். வெட்கமில்லை. என்னவென்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை.

ஸ்கூட்டர் போன திசையில் தூசி அடங்கியது. திரும்பி வரும், வந்துதான் ஆக வேண்டும், அந்தப் பக்கம் ரெண்டு செங்கல் சூளையைத் தவிர ஒன்றுமில்லை. தணிகாசலம் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பங்க் திருப்பம் தெரிந்தது, அதற்கும் அப்பால் ரேஷன் கடையின் நீலச் சுவர், இந்தப் பக்கம் சிறு பாலம், பாலத்தைத் தாண்டிச் சூளைப் புகை, எல்லாமே தெரிந்தது. இந்த இடத்துக்காக அவன் எவ்வளவு அலைந்திருப்பான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு இடம் காட்டினார்கள், நாலு பக்கமும் திறப்பு, முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்றே தெரியாது. பள்ளிக்கூடத்தருகே ஒன்று, எதிரே மாடி வீடுகள், அத்தனை ஜன்னலும் நம்மைப் பார்க்கும். கடைசியில் இது கிடைத்தது. ரோட்டைவிடத் தாழ்வான நிலம், முன்னால் எப்போதோ ரோடு போட்டவர்கள் கொட்டிவிட்டுப் போன மண்மேடு, மேட்டின் மேல் அடர்ந்த கருவேல முள், பின்னால் பாறை, பக்கத்தில் வற்றாத போர்வெல். முள்ளுக்கு நடுவே கை அகலத்துக்கு இரண்டு மூன்று சந்து, அதன் வழியாக ரோடு முழுக்கத் தெரியும். பார்த்ததும் மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது, ஊர் வந்த பிறகு அப்படி ஒரு நிம்மதி வந்ததே இல்லை. அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டான். அமுதவல்லி வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "இன்னாங்க இது, கடை வைக்கிற இடமா, ஒளிஞ்சிக்கிற இடமா?" என்றாள். அவளுக்கு எல்லாமே கிண்டல்தான். பலகைக்கு மஞ்சளில் சிவப்பு எழுத்து என்றாள், பெயிண்டரும் அதையேதான் சொன்னார். அவன் பாசிப் பச்சையில் கறுப்பு எழுத்து என்றான். "பளிச்சுனு வேணாமா சார்?" என்று பெயிண்டர் இழுத்தார். "கண்ணைக் குத்தக் கூடாதுப்பா" என்று முடித்துவிட்டான். குத்தக் கூடாதுதானே, பலகை என்றால் ஒரு அடக்கம் வேண்டாமா? வீட்டிலிருந்து வருவதும் இந்த ரோட்டில் இல்லை. ஓடைக்கரையோடு வந்து பாறையைச் சுற்றிப் பின்பக்கமாக இறங்குவான், இருக்கிற இடத்துக்கு நேர் வழியில் போகிற பழக்கம் அவனுக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. ஆகவே ரோட்டில் நின்று தன் கடையை அவன் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. அதற்கு அவசியமும் வரவில்லை.

நினைத்த மாதிரியே திரும்பி வந்தது. இந்த முறை மெதுவாக, ஓரமாக, இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு. மேடத்தின் முகம் சந்து வழியாகத் தெளிவாகத் தெரிந்தது. ஐம்பதை ஒட்டிய வயது, மூக்குத்தி, வெயிலில் சிவந்த கன்னம். பார்வை நேராக அவன்மேல் பட்டது, பட்ட மாதிரி இருந்தது, பட்டு அப்படியே நழுவிப் பாறைக்குப் போய் அங்கிருந்து வானத்துக்குப் போயிற்று. அந்த நழுவலைப் பார்த்ததும் தணிகாசலத்தின் நெஞ்சுக்குள் பழைய சந்தோஷம் ஒன்று குறுகுறுத்தது, இதை அவன் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். பார்த்தும் பார்க்காமல் போகிற கண், காவல் போஸ்ட்டில் ஒளிந்திருக்கிறவனுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. சந்தோஷம் வந்த கையோடு ஏதோ இடறியது. என்ன இடறியது? அவன் அதைப் பிடிப்பதற்குள் ஸ்கூட்டர் மறுபடி சூளைப் பக்கமே திரும்பிச் சிறு பாலத்தில் போய் நின்றது. மேடம் ஹெல்மெட்டைக் கழற்றினார், தண்ணீர் குடித்தார், புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தார், குனிந்து கணுக்காலைச் சொறிந்தார். எறும்பாக இருக்கும், பாலத்துக் கைப்பிடிச் சுவரில் கட்டெறும்பு உண்டு. ஆபீசில் இவரை எப்படி நடத்துவார்களோ, இந்த வெயிலில் ஸ்கூட்டரில் அனுப்புகிறார்களே, வீட்டில் யார் சமைப்பார்கள், கடை கடையாகப் போய் உண்மையா பொய்யா என்று பார்க்கிற வேலை அவருக்குப் பிடித்திருக்குமா? அவரும் ஒரு வகையில் நம்ம வேலைதான் செய்கிறார் என்று நினைத்தபோது அவர்மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. மேடம் போனை எடுத்தார். தணிகாசலத்தின் சட்டைப்பையில் மணி அடித்தது.

"சார், தணிகாசலம்தானே? எங்க சார் இருக்கு உங்க கடை? நான் இந்த ரோட்டுல ரெண்டு தடவை போய்ட்டு வந்துட்டேன்." "தெரியும் மேடம்" என்றான், "பாத்துக்கிட்டேதான் இருக்கேன்." பாலத்தில் மேடம் நிமிர்ந்து நேராக நின்றார். "எங்கேருந்து பாக்கறீங்க?" குரல் மாறியிருந்தது. இடது பக்கம் திரும்பினார், வலது பக்கம் திரும்பினார், ஒரு கை தோள்பையின் வாரை இறுக்கிப் பிடித்தது. அந்தக் கையைப் பார்த்தபோதுதான் அவனுக்கு இடறியது என்னவென்று பிடிபட்டது. அவர் பயப்படுகிறார். யாரோ தன்னைப் பார்க்கிறார்கள், அவர்களைத் தன்னால் பார்க்க முடியவில்லை, அதனால் பயப்படுகிறார். நான் எதிரே நிற்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், இவருக்கு நான் இல்லவே இல்லை. பால்காரருக்கு ஏன் வழி சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது, சேற்று வண்டிக்காரர்கள் ஏன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை? காரணம் விலை இல்லை, ராசி இல்லை, அழுக்கில் சந்தோஷமும் இல்லை, எத்தனை விதமாக அவர்கள் மனசைக் குடைந்தேன், ஒருத்தனுக்கும் இங்கே கடை இருப்பதே தெரியாது. கண் ஒன்று முன்பக்கமாகவே பார்த்துப் பழகினால் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. "மேடம், பயப்படாதீங்க, உங்களுக்கு வலது கைப்பக்கம், முள்ளுக்குப் பின்னால" என்றான். "முள்ளுக்குப் பின்னாலயா? அங்க இன்னா சார் இருக்கு? இங்க பாருங்க, எனக்கு இன்னும் ஒரு எடம் போவணும். நீங்க ரோட்டுக்கு வாங்க. வரலைன்னா எடத்துல கடை இல்லன்னுதான் எழுத முடியும், அப்புறம் என்னைத் தப்பா நெனைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார். ஹெல்மெட்டை எடுத்து மாட்டினார்.

ரோட்டுக்குப் போக மேடேற வேண்டும். முள்ளில் ஓரமாக ஒரு வழி இருந்தது, வண்டிகள் இறங்கட்டும் என்று அவனே வெட்டியது, ரோட்டிலிருந்து நேராகத் தெரியாதபடி வளைத்து வெட்டியிருந்தான். எழுந்தான், வழியின் வாய் வரைக்கும் போனான், கால் நின்றுவிட்டது. பட்டாளத்தில் ஒரே போஸ்ட்டில் கூட இருந்த வேணுவை நினைக்கக் கூடாது என்றுதான் நினைத்தான். வேணு என்ன பெரிய தப்பு செய்துவிட்டான், இரவெல்லாம் பனியில் நனைந்த கம்பளியை உதறினான், அவ்வளவுதான். விடியற்காலை வெளிச்சம், நல்ல வெயில் வரப்போகிறது என்று சிரித்துக்கொண்டே எழுந்து, மேட்டு விளிம்பில் நின்று இரண்டு கையாலும் கம்பளியை விரித்து உதறினான். சுட்ட சத்தம் அப்புறம்தான் வந்தது. கம்பளி முதலில் விழுந்தது, வேணு பிறகு விழுந்தான். அன்றிலிருந்து தணிகாசலத்துக்கு மேட்டு விளிம்பு என்றால் குனிந்துகொள்கிற உடம்பு, அதை ஊருக்கு வந்த பிறகும் உடம்பு மறக்கவில்லை, மொட்டை மாடியில் துணி காயப்போடச் சொன்னால்கூட அமுதவல்லியிடம் ஏதாவது சாக்குச் சொல்லிவிடுவான். இது குடியாத்தம் ரோடு, அது மேடம், எதிரே இருப்பது வேர்க்கடலைக் கொல்லை. அறிவுக்குத் தெரிகிறது. முழங்காலுக்குத் தெரியவில்லை, என்ன செய்வது. இவ்வளவு பயத்தையும் வைத்துக்கொண்டா நான் கடை போட்டேன், எல்லாரும் வந்து போகிற இடத்துக்குப் பெயர்தானே கடை, என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டபோது அவனுக்கு அழுகையும் வந்தது, வேடிக்கையாகவும் இருந்தது. பாலத்தில் ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தம் கேட்டது. நகைக்கடை வாசல் ஞாபகத்துக்கு வந்தது, கண்ணாடிக் கதவு, ஏசிக் காற்று, மீசை. குனிந்தபடியே நாலடி ஏறினான். அப்புறம் யாரோ அவனை இழுத்துவிட்ட மாதிரி நிமிர்ந்தான், நிமிர்ந்து ரோட்டின் நடுவில் போய் நின்றான்.

ஒன்றும் ஆகவில்லை. வெயில் தலையில் இறங்கியது, ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு விலகிப் போயிற்று, ஸ்கூட்டர் அவன் எதிரில் வந்து கிறீச்சென்று நின்றது. "இவ்ளோ நேரம் எங்க சார் இருந்தீங்க?" என்றார் ஹேமாவதி மேடம். அவன் காட்டுவதற்காகத் திரும்பினான். திரும்பினவன் அப்படியே நின்றுவிட்டான். கடை இல்லை. முள் இருந்தது, முள்ளுக்கு மேலே பாறை இருந்தது, எங்கேயோ ஒரு தவிட்டுக் குருவி கத்தியது. பாசிப் பச்சைப் பலகையைத் தேடினான், அது இலையோடு இலையாகிப் போயிருந்தது, அவனுக்கே இரண்டாவது பார்வைக்குத்தான் அகப்பட்டது. தகரக் கூரையின் ஒரு மூலைகூட வெளியே துருத்தவில்லை. எவ்வளவு நல்ல போஸ்ட், சுபேதார் பார்த்தால் முதுகில் தட்டியிருப்பார். "எங்க வீட்டுக்காரம்மா சொன்னாங்க மேடம்" என்றான், "நான்தான் கேக்கல." மேடம் ஸ்கூட்டரிலிருந்து இறங்கி, எட்டிப் பார்த்து, குனிந்து பார்த்து, கடைசியில் ஒரு சந்து வழியாக ராம்ப்பையும் மடித்து வைத்த துணிகளையும் கண்டுபிடித்தார். "அடப்பாவமே, உள்ள நல்லாத்தான் வெச்சிருக்கீங்க" என்றார். "எங்க அண்ணனும் மிலிட்டரிதான். ரிட்டையராகி வந்து ஓட்டல் வெச்சாரு. சாப்பிட வந்தவங்கள வரிசையில நிக்க வெச்சாரு." அவர் சிரிக்கவில்லை, அவனும் சிரிக்கவில்லை. "அது மூடியாச்சு" என்றார். பையிலிருந்து காகிதத்தை எடுத்து, ஸ்கூட்டர் சீட்டில் வைத்து, பேனாவைத் திறந்து, எழுதாமல் வைத்திருந்தார். "சார், சாமான் இருக்கு, தண்ணி இருக்கு, நீங்க இருக்கீங்க. கடை நடக்குதுன்னு எழுதணும்னா ஒரு வண்டியாவது நான் பாக்கணும் இல்ல? பொய் எழுத எனக்கு வராது. பத்து நிமிஷம் நிக்கறேன், அதுக்கு மேல முடியாது." சொல்லிவிட்டுப் பாலத்துப் பக்கம் நிழலுக்குப் போகாமல் அங்கேயே, அவன் பக்கத்திலேயே, வெயிலில் நின்றார்.

பங்க் திருப்பத்தில் ஒரு பைக் வந்தது. பழைய வண்டி, டேங்கிலிருந்து சக்கரம் வரை சிமெண்டுக் குழம்பு தெறித்துக் காய்ந்திருக்கிறது, பின்னால் கரண்டியும் மட்டப்பலகையும் கட்டிய சாக்கு, ஓட்டுகிறவர் கொத்தனார், ஹெல்மெட் இல்லை, அவசரமுமில்லை. எல்லாவற்றையும் வழக்கம்போலத் தூரத்திலேயே பார்த்துவிட்டான். பார்த்த பிறகு என்ன செய்வது என்பதுதான் அவனுக்கு வழக்கமில்லாதது. பைக் திருப்பத்தைத் தாண்டி நெருங்கியது. வாயைத் திறந்தான், குரல் வரவில்லை. ஆகவே கையைத் தூக்கினான், நேராக, உள்ளங்கையை விரித்து, செக் போஸ்ட்டில் தூக்கிய அதே மாதிரி. வேறு மாதிரி அவனுக்குத் தூக்கத் தெரியாது. கொத்தனார் மீசையைப் பார்த்தார், விறைத்த கையைப் பார்த்தார், பக்கத்தில் காகிதமும் பேனாவுமாக நிற்கிற அம்மாவைப் பார்த்தார், பிரேக்கை மிதித்து ஓரங்கட்டி இறங்கியே விட்டார். "சார், ஹெல்மெட்டு வீட்ல கீது சார், சத்தியமா. லைசென்ஸ் இந்தா கீது" என்று இடுப்பு பெல்ட்டுக்குள் கையை விட்டுத் துழாவினார். மேடம் பேனா பிடித்த கையால் வாயை மறைத்துக்கொண்டார். தணிகாசலம் கையை இறக்கினான். "லைசென்ஸ் வேணாம்ண்ணா" என்றான், அவ்வளவுதான் வந்தது, மீதி வரவில்லை. கொத்தனார் காத்திருந்தார். "நான் போலீஸ் இல்ல. வண்டி கழுவறவன். கடை இங்கதான் கீது, உங்களுக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. வண்டியக் குடுங்க, சிமெண்டெல்லாம் சுத்தமா எடுத்துத் தரேன்." கொத்தனார் லைசென்ஸை உள்ளே வைத்தார், அவனை ஏற இறங்கப் பார்த்தார். "சிமெண்டு போவாதுப்பா, நான் பாக்காத வாஷா" என்றார். "போவும்" என்றான் தணிகாசலம். "எவ்ளோ வாங்குவே?" விலையைச் சொன்னான். "கடை எங்க?" என்று கொத்தனார் சுற்றுமுற்றும் பார்த்தார், அவர் கண்ணும் முள்ளில் பட்டு வழுக்கியது. "எங்கூட வாங்க, எறங்கற வழி காட்டறேன். இந்த முள்ள இன்னிக்கே வெட்டிடுவேன்" என்றான். மேடத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, யாரைப் பார்த்தும் சொல்லவில்லை, ஆனால் சத்தமாகவே சொன்னான். பேனா காகிதத்தில் உரசுகிற சத்தம் கேட்டது, என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்க்க ஆசை ஆசையாக வந்தது. ரோட்டுக்கும், கொல்லைக்கும், அந்தத் திறந்த வெளி அத்தனைக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு அவன் முன்னால் நடந்தான். பின்னால் பைக் கிளம்பியது. அதற்குப் பின்னால் ஸ்கூட்டரும் கிளம்பியது, எந்தப் பக்கம் திரும்பியது என்று தெரியவில்லை. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. அவன் திரும்பிப் பார்க்காமல் இறங்கினான்.